இவ்வில்லத்தில் ஒழுக்கம் இல்லை

எங்கள் வீட்டு ஒழுக்கை முதலில் கண்டுபிடித்தவை மான்கள்.

திருகோணமலைப் பட்டினத்தில் மான்கள் மாடுகளைப் போலத் தெருவில் திரியும். கடைவாசலில் படுக்கும், தபாற் கந்தோர் மதிலோரம் நின்று கடதாசி தின்னும். உள்துறைமுகத்துக்கு இறங்கும் சிறு தெருவான எங்கள் ஒழுங்கைக்கும் விடியக்காலையில் ஐந்தாறு வரும். மழை பொய்த்துக் கச்சான் காற்று மண்ணை வாரி அடித்த அந்த மாதங்களில், அவை வேறு எந்த வீட்டையும் பாராமல் எங்கள் வாசற் படலையடிக்கு மட்டும் வந்து தலையைக் குனிந்து நின்றன.

என் நல்ல மனதைத் தேடித்தான் வருகின்றன என்று நினைத்துக்கொண்டேன். மனிதருக்கு வயது போனால் இப்படியான நினைப்பெல்லாம் வரும்.

தண்ணீர் மீட்டர் பார்க்க வந்தவர் அப்படி நினைக்கவில்லை. மோட்டார் சைக்கிளை நிறுத்தி, மான்களை விரட்டி, குந்தியிருந்து மீட்டர் பெட்டியைத் திறந்தார். மீட்டருக்கு இந்தப் பக்கம், எங்கள் வளவுக்குள் வரும் பைப்பின் பொருத்துப் பூட்டு இளகித் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சொட்டியது ஓடி, படலைக்குக் கீழால் தெருவுக்கு வந்து, மான்களுக்குத் தாகசாந்தியாகியிருந்தது.

"அம்மா, ஒழுகுது," என்றார்.

"ஓம், இப்பத்தான் நானும் பாக்கிறன்."

"நோட்டீஸ் வரும்."

ஒழுகியது உண்மை, அதில் பொய் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. வறட்சிக்குப் புதுச் சட்டங்கள் வந்திருந்தன. பூங்கன்றுக்குக் குழாய் பிடிக்கக் கூடாது, வாகனம் கழுவக் கூடாது, மீட்டருக்கு உட்பக்கம் ஒழுகினால் வீட்டுக்காரர் திருத்த வேண்டும், திருத்தாவிட்டால் இணைப்பு வெட்டப்படும். நியாயமான சட்டம்தான். தண்ணீர் இல்லாத ஊரில் தண்ணீரை ஊற்றிவிட்டு நியாயம் கதைக்கும் ஆள் நான் இல்லை.

ஒரு கிழமையில் நோட்டீஸ் வந்தது. என் தங்கையின் மகள் மதுரா அதை உடைத்து வாசித்தாள். தங்கை காலமான பிறகு அவளுக்கு நானும் எனக்கு அவளுமாக இருக்கிறோம். ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் பகுதியில் வேலை, இருபத்தெட்டு வயது, எளிதில் சிரிக்காத பிள்ளை. அன்றைக்கு அவள் சிரித்த சிரிப்பில் நான் குசினியிலிருந்து அகப்பையோடு ஓடிவந்தேன்.

"பெரியம்மா, இதைக் கேளுங்கோ. 'தங்கள் இல்லத்தில் ஒழுக்கம் இருப்பது எமது உத்தியோகத்தரால் கண்டறியப்பட்டுள்ளது. நிலவும் வறட்சியைக் கருத்திற் கொண்டு இவ்வொழுக்கத்தைப் பதினான்கு நாட்களுக்குள் நிறுத்துமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்.'"

நான் அகப்பையைக் கீழே வைத்தேன்.

ஒரு 'ம்'முக்காக

போன வாரம் பத்திரிகையில் நான் எழுதியதைப் படித்த ஒரு வாசகர், 'அம்மணி, நீங்கள் எல்லாரையும் ஏசுகிறீர்கள்' என்று குறைப்பட்டிருந்தார். எல்லாரையும் இல்லை. இதுவரை மான்களை ஏசியிருக்கிறேனா?

எழுத்துப் பிழையைக் கண்டால் எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வருவதற்குக் காரணம் உண்டு. என் உத்தியோக காலம் முழுவதும் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் தமிழ்த் தட்டச்சாளராக இருந்தவள் நான். ஒழுங்கையில் இன்றைக்கும் எனக்கு 'ரைப்பிஸ்ட் அக்கா' என்றுதான் பெயர். பிள்ளைகளுக்குக்கூட ரைப்பிஸ்ட் அக்காதான்.

பிழை விடாதவள் என்று சொல்லவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், மாற்றலாகிப் போகும் மேலதிகாரிக்குப் பிரியாவிடை அழைப்பு அடித்தேன். 'தங்களை அன்புடன் அழைக்கிறோம்' என்பது 'அம்புடன் அழைக்கிறோம்' என்று போய்விட்டது. ஊரிலுள்ள அத்தனை கந்தோர்களுக்கும் அனுப்பிய பிறகுதான் கண்டுபிடித்தார்கள். வந்தவர்களில் ஒருவர், "வில்லு எங்க பிள்ளை?" என்று கேட்டார். மேசைக்குக் கீழே புகுந்துவிடலாமா என்றிருந்தது.

அடுத்த நாள் தலைமை எழுதுநர் என்னைக் கூப்பிட்டு ஏசவில்லை. மிச்சமிருந்த பிரதிகளைத் தந்து, ஒவ்வொன்றிலும் பேனாவால் திருத்தி, பக்கத்தில் என் முதலெழுத்துகளைப் போடச் சொன்னார். கூட்டம் முடிந்த அழைப்புக்குத் திருத்தம் எதற்கு என்று கேட்டேன். கந்தோர்க் கோவையில் கோத்துக் கிடக்கப்போகும் தாள், பிழையோடு கிடக்கக் கூடாது என்றார். திருத்துவது, பக்கத்தில் முதலெழுத்து வைப்பது, அதாவது 'பிழை விட்டவள் நான், திருத்தியவளும் நான்' என்று ஒத்துக்கொள்வது. அதுதான் அன்றைய முறை. இந்த முறையை நான் நம்பியதால்தான் பிறகு வந்த வினையெல்லாம் வந்தது.

நிப்பாட்டட்டாம்

பைப் திருத்தக் கிண்ணியாவிலிருந்து ரஹீம் பாஸ் வந்தார். ஒழுங்கையில் பாதி வீட்டுக்கு அவர்தான் குழாய் வேலை. பாலத்தால் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கும்போதே தேத்தண்ணி கேட்கும் மனிதர். நோட்டீசை அவரிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு, உதடு அசைய வாசித்தார்.

"அல்லாஹ்வே! உங்கட ஊட்டுல ஒழுக்கம் இரிக்கிதாம், அத நிப்பாட்டட்டாமே!"

"நிப்பாட்டுவம் பாஸ். எவ்வளவு நேரம் எடுக்கும்?"

"வருசக் கணக்கா இருந்த ஒழுக்கம் அம்மா. ஒரு அர மணித்தியாலம் தாங்க."

அரை மணித்தியாலத்தில் பூட்டை மாற்றி, நூல் சுற்றி, இறுக்கிவிட்டுப் போனார். மான்கள் இரண்டு நாள் வந்து பார்த்துவிட்டு நன்றி கெட்டு வேறு தெருவுக்குப் போயின.

இந்த இடத்தில் பழைய காலத்துத் தண்ணீரைப் பற்றி எழுதவேண்டும் என்று பத்திரிகைக்காரர் எதிர்பார்ப்பார். கடலோரத்து உவர்க் கிணறு, தெருக்குழாயில் எல்லாரும் குடத்தோடு கூடிய ஒற்றுமை என்றெல்லாம். கூடினோம், உண்மைதான். குடத்தால் அடித்தும் கொண்டோம். என் இடது புருவத்தில் இருக்கிற தழும்பு ஒரு அலுமினியக் குடத்தின் விளிம்பு. அடித்தவள் இப்போது கனடாவில் இருக்கிறாள், கோவிலுக்கு நன்கொடை அனுப்புகிறாள். மீட்டர் வந்த நாளில் நான் அதற்குப் பொட்டு வைக்காத குறைதான். என் வீட்டுக்குள், என் பைப்பில், யாரையும் அடிக்காமல் தண்ணீர் வந்தது. அதனால்தான் அந்த இணைப்பை வெட்டுவோம் என்று யாராவது சொன்னால் என் கை தானாக அந்தத் தழும்புக்குப் போகும்.

கந்தோரில் ஒரு தமிழ்ப் பாடம்

திருத்தினால் மட்டும் போதாதாம். திருத்தியதைக் கந்தோர் பரிசோதித்து ஒரு சான்றிதழ் தருமாம். அதை அடுத்த முறை மீட்டர் பார்க்கும் நாள் வரை, படலையில், தெருவைப் பார்த்தபடி தொங்கவிட வேண்டுமாம். திருத்தாத மற்ற வீட்டுக்காரருக்கு அது ஒரு முன்மாதிரியாம்.

ஆள் வந்து பார்த்துவிட்டுப் போன பிறகு சான்றிதழை எடுக்கப் போனேன். தண்ணீர்க் கந்தோர் வாசலில், தெருவோரப் பெரிய குழாய் வெடித்து, முழங்கால் உயரத்துக்குத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. மூன்று ஓட்டோக்காரர் வாகனம் கழுவிக்கொண்டு நின்றார்கள். ஒருவர் தலையிலும் ஊற்றிக்கொண்டார்.

கருமபீடத்தில், அதாவது கவுண்டரில், இருந்த பிள்ளை தாளை நீட்டினாள். வாசித்தேன். 'மேற்படி இல்லம் எம்மால் பரிசோதிக்கப்பட்டது. இவ்வில்லத்தில் தற்போது ஒழுக்கம் எதுவும் இல்லை என இத்தால் உறுதிப்படுத்தப்படுகிறது.' கீழே கையொப்பம். அதன்மேல் வட்ட முத்திரை.

நோட்டீஸ் வந்தபோது சிரித்தோம். இது சிரிக்கிற விஷயமில்லை. ஒரு குமர்ப்பிள்ளை இருக்கிற வீட்டுப் படலையில், அரசாங்க முத்திரையோடு, இந்த வீட்டில் ஒழுக்கம் எதுவும் இல்லை என்று நான் என் கையாலேயே தொங்கவிட வேண்டும்! அதுவும் மதுராவைப் பார்க்க நிலாவெளியிலிருந்து ஆட்கள் வருவதற்கு நாள் குறித்தாயிற்று.

"பெரியவரைப் பாக்கவேணும்," என்றேன்.

பொறுப்பதிகாரி நம்மவர்தான், தமிழர். பெயர் வேண்டாம், அவருக்கும் பிள்ளை குட்டி இருக்கும். நெற்றியில் திருநீறு, சட்டைப்பையில் இரண்டு பேனா. கதிரையைக் காட்டினார்.

"ஐயா, ஒழுக்கு வேற, ஒழுக்கம் வேற," என்றேன்.

அவர் சிரித்தார். அறியாத சனத்தைக் கண்டு படித்தவர் சிரிக்கிற சிரிப்பு.

"அம்மா, ஒழுக்கு எண்டது பேச்சு வழக்கு. அரசாங்கக் கடிதத்தில பேச்சு வழக்குப் போட ஏலாது. எனக்கு முந்தி இருந்தவர் ஒழுக்கு, ஒழுக்கு எண்டுதான் போட்டு வைச்சிருந்தவர். நான் வந்துதான் எல்லாத்தையும் திருத்தினனான்."

"திருத்தினனீங்களோ?"

"ஓம். பழக்கு, பழக்கம். முழக்கு, முழக்கம். அதே மாதிரித்தான். ஒழுக்கு, ஒழுக்கம்."

நான் நினைத்திருந்தது வேறு. கொழும்பில் யாரோ தமிழ் தெரியாதவர் மெஷினில் போட்டு மொழிபெயர்த்திருப்பார், பாவம், என்று மன்னிக்கத் தயாராகப் போயிருந்தேன். இது அப்படியில்லை. தமிழ் தெரிந்த தமிழர், தமிழ்ப் பற்றினால், சரியாக இருந்த சொல்லைப் பிடித்துப் பிழையாக்கி வைத்திருக்கிறார். இப்படியொரு பிழையைச் செய்ய வேறு எந்தச் சாதியாலும் ஏலாது.

"அப்ப ஐயா, உங்கட வீட்டில பொழுதுபட்டா விளக்கம் ஏத்துவீங்களோ?"

"என்ன?"

"விளக்கு எண்டது பேச்சு வழக்கெல்லே. விளக்கு, விளக்கம். நாங்கள் இருக்கிறது கிழக்கம் மாகாணமோ?"

கருமபீடத்துப் பிள்ளை பக்கென்று சிரித்து, இருமுவது போல் வாயைப் பொத்தினாள். அவருக்குக் காது சிவந்தது.

"நீங்கள் இஞ்ச தமிழ் படிப்பிக்க வந்தனீங்களோ, சேர்டிபிக்கட் எடுக்க வந்தனீங்களோ?"

"வாசலில பெருகி ஓடுதே, அதுக்கு ஆர் சேர்டிபிக்கட் குடுக்கிறது?"

"அது மீட்டருக்கு வெளிப்பக்கம். அது ஒழுக்கத்தில சேராது. அதுக்குப் பேர் விநியோக இழப்பு."

அட கோதாரி! எங்கள் வளவில் சொட்டினால் ஒழுக்கம், இவர்கள் வாசலில் ஆறாய் ஓடினால் விநியோக இழப்பு. நான் எழுந்து வந்துவிட்டேன். ஓட்டோக்காரர் ஒருவர், "அம்மா, கால் கழுவிப்போட்டுப் போங்கோ," என்றார். கழுவிவிட்டுத்தான் வந்தேன்.

ஒரு வால், கொஞ்சம் வெள்ளை மை

வீட்டுக்கு வந்து மேசையில் தாளை விரித்தேன். என் கந்தோர்க் காலத்து வெள்ளை மை ஒரு போத்தலில் காய்ந்து கிடந்தது. இரண்டு துளி தின்னர் விட்டுக் கலக்கினேன். 'ம்'மை மறைத்தேன். 'க'வுக்கு ஒரு வால் இழுத்துக் 'கு' ஆக்கினேன். 'இவ்வில்லத்தில் தற்போது ஒழுக்கு எதுவும் இல்லை.' எவ்வளவு எளிமை! பக்கத்தில் முறைப்படி என் முதலெழுத்துகளையும் போட்டேன்.

ஒரு பொலித்தீன் உறைக்குள் வைத்துப் படலையில் கட்டினேன். மதுரா வேலையால் வந்து பார்த்தாள்.

"பெரியம்மா, இது அரசாங்க முத்திரை வைச்ச தாள்."

"நானும் அரசாங்கத்தில இருந்தனான்தான்."

"இருந்தனீங்கள்," என்றாள்.

மூன்றாம் நாள் மீட்டர்க்காரர் அந்தப் பக்கத்தால் போகும்போது நின்றார். உற்றுப் பார்த்தார். போனில் படம் எடுத்தார். நான் வெளியே வந்து விளக்கினேன், அதாவது விளக்கம் சொன்னேன். அவர் நல்ல மனிதர், தலையைச் சொறிந்தார்.

"விளங்குதம்மா. ஆனா இதில திருத்தியிருக்கு. திருத்தின சேர்டிபிக்கட் செல்லாது. நான் ஒண்டும் செய்ய ஏலாது."

செவ்வாய்க்கிழமை கந்தோரிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். புதுச் சான்றிதழ். இந்த முறை லெமினேட் பண்ணியிருந்தது. மான் தின்னாமலும் நான் திருத்தாமலும் இருக்க. மீட்டருக்கு வைக்கிற அதே கம்பியால் படலையில் முறுக்கிக் கட்டி, குறட்டால் நசுக்கி ஈய முத்திரையும் வைத்தார்கள். முத்திரையை உடைத்தாலோ கழற்றினாலோ இணைப்பு வெட்டப்படும் என்று சொல்லிவிட்டு, குடிக்கத் தண்ணீர் கேட்டார்கள். கொடுத்தேன். கொடுக்காமல் விட முடியுமா?

நிலாவெளி ஆட்கள் வருவது வெள்ளிக்கிழமை.

என் மேல் எனக்கு வந்த ஆத்திரத்தை எப்படி எழுதுவது? தாளை வெறும் கயிற்றில் தொங்க விட்டிருந்தால் வெள்ளிக்கிழமை பின்னேரம் ஒரு மணித்தியாலம் கழற்றி வைத்திருக்கலாம். அந்த 'க'வுக்கு நான் இழுத்த வால்தான் அதை ஈயம் வைத்துக் கட்ட வைத்தது. தமிழைக் காப்பாற்றப் போய்ப் பிள்ளையின் காரியத்தில் கை வைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை

மாப்பிள்ளை பெயர் ரஜீவன். ஏதோ கொம்பனியில் கம்ப்யூட்டர் வேலை. தாய் மகேஸ்வரி, நிலாவெளியில் கடற்கரைப் பக்கமாக ஆறு அறை கட்டி வெளிநாட்டாருக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார். சாதகம் பொருந்தியிருந்தது. பிள்ளைகள் இரண்டும் ஒரு மாதமாகப் போனில் கதைத்துக்கொண்டிருந்தார்கள். மதுரா முற்றத்தில் போனைக் காதில் வைத்தபடி நடப்பாள், நடக்கும்போது பிச்சிக் கொடியில் இலையாகப் பிய்ப்பாள். ஒரு பக்கம் முழுக்க மொட்டையாகிவிட்டது. அந்தக் கொடியைப் பார்த்தே எனக்கு விளங்கியது, இவளுக்கு அவனைப் பிடித்திருக்கிறது என்று.

வெள்ளிக்கிழமை நான் படலையில் ஒரு துவாயைக் காயப்போட்டேன். தாள் மறைந்தது. மதுரா சேலை கட்டி, சீப்பால் தலை இழுத்துக்கொண்டு வந்தவள், அதைக் கண்டதும் நேரே போய்த் துவாயை எடுத்தாள்.

"என்ன செய்யிறாய் பிள்ளை?"

"பெண் பாக்க வாற வீட்டுப் படலையில துவாயோ? அவருக்குத் தெரியும் பெரியம்மா. படம் எடுத்து அனுப்பினனான். விழுந்து விழுந்து சிரிச்சவர். கந்தோர்க்கதை, விளக்கம் ஏத்தின கதை எல்லாம் சொன்னனான்."

"தாய்க்குத் தெரியுமோ?"

"அவர் சொல்லுவார்தானே."

அவள் முகத்தில் இருந்த நம்பிக்கையைப் பார்த்து நானும் நம்பினேன். துவாயைக் கொண்டுபோய்த் துணிக் கொடியில் போட்டேன்.

வான் வந்து நின்றது. முன்னுக்கு இறங்கியவர் மகேஸ்வரி. படலையைத் திறக்கக் கை வைத்தவர், கண்ணுக்கு நேரே இருந்ததை வாசித்தார். அவசரமில்லாமல், சத்தமாக, முத்திரை வரை வாசித்தார்.

"உதென்ன எழுதியிருக்குது?"

"அது பைப் ஒழுக்கு, தங்கச்சி," என்றேன். "பைப் ஒழுகினது. திருத்தியாச்சு. தண்ணீர்க் கந்தோர்க்காரர் சொல்லைப் பிழையாப் போட்டிட்டினம்."

"அரசாங்கம் சும்மா போடுமே? சீல் குத்திக் கிடக்குது. ஈயமும் வைச்சுக் கிடக்குது."

தண்ணீர்க் கந்தோர் வீடு வீடாகப் போய் ஒழுக்கம் பரிசோதிக்குமா என்று ஒரு கணம் யோசிக்க அந்த அம்மாவால் ஏலாமல் போனது. முத்திரை இருந்தால் சரி. நாளைக்கே முத்திரை குத்தி, இவர் உயிரோடு இல்லை என்று ஒரு தாள் கொடுத்தால் போய்ப் பாடையில் படுப்பார்.

நான் ரஜீவனைப் பார்த்தேன். அவன் வாசித்துவிட்டான். வாசிக்கும்போது உதட்டோரம் ஒரு சிரிப்பு எழும்பியதை நான் என் கண்ணால் கண்டேன். மதுரா வாசற்படியில் நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சொல் போதும். 'அம்மா, இது எனக்குத் தெரியும், இது பகிடி' என்று ஒரு சொல்.

"தம்பி, உனக்கு இது விளங்குதோ?" என்று தாய் கேட்டார்.

"தெரியேல்லை அம்மா," என்றான். குனிந்து சப்பாத்தைப் பார்த்தான்.

உள்ளே வந்தார்கள். கதிரையின் நுனியில் இருந்தார்கள். பயற்றம் பணியாரத் தட்டு வந்த மாதிரியே திரும்பிப் போனது. தேத்தண்ணியில் ஆடை கட்டியது. பத்து நிமிடத்தில், யாருக்கோ மருந்து எடுக்க வேண்டும் என்று எழும்பினார்கள். மருந்து கொடுக்கிறவளின் வீட்டில் வந்து அந்தச் சாட்டு.

ஞாயிற்றுக்கிழமை தகவல் வந்தது. சாதகம் பொருந்தவில்லையாம்.

மதுரா அழவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. போனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். முற்றத்தில் நடப்பது நின்றது. பிச்சிக் கொடி தளிர்க்கத் தொடங்கியது. அதைக் காண எனக்கு எரிச்சலாக வந்தது.

நான் மேலிடத்துக்கு ஒரு முறைப்பாடு எழுதினேன். மறுமொழி வந்தது. 'தங்களின் ஒழுக்கம் தொடர்பான முறைப்பாடு பரிசீலனையில் உள்ளது' என்று.

நிலாவெளியிலிருந்து ஒரு அழைப்பு

மீட்டர்க்காரர் வந்து வாசித்து, முத்திரையை வெட்டித் தாளைக் கழற்றிப் போய்ச் சில கிழமைகள் இருக்கும். மழை இன்னும் வரவில்லை. பின்னேரம் போன் அடித்தது. கண்ணாடி இல்லாமல் எடுத்ததில், கை பட்டு ஸ்பீக்கரில் போட்டுவிட்டேன்.

"அக்கா, நான் நிலாவெளி மகேஸ்வரி கதைக்கிறன்."

"சொல்லுங்கோ."

"எங்கட படலையிலயும் உந்தத் தாளைக் கொண்டுவந்து கட்டிப்போட்டுப் போட்டாங்கள், அக்கா. ஆறு அறைக்குப் பைப் பூட்டினா எங்கயாவது ஒழுகும்தானே. வெள்ளைக்காரருக்கு விளங்காது, ஆனா ஊராக்கள் நிண்டு வாசிச்சுப்போட்டுப் போகினம். எனக்கு வெளியில தலைகாட்ட ஏலாமல் கிடக்குது."

எனக்கு வந்த சந்தோசத்தை மறைக்க நான் மகான் இல்லை. கதிரையை இழுத்துப் போட்டு வசதியாக இருந்தேன்.

"அரசாங்கம் சும்மா போடுமே, தங்கச்சி?"

"அது பிழையான தமிழ் எண்டு நீங்கள் அண்டைக்குச் சொன்னனீங்கள்தானே. நீங்கள் கந்தோரில இருந்த ஆள். எனக்கு ஒரு கடிதம் எழுதித் தாங்கோவன். பிறகு, மற்ற விஷயமும்... சாதகத்தை வேற ஒராளிட்டக் காட்டினனாங்கள். நல்லாப் பொருந்துதாம். தம்பியும் ஓம் எண்டுதான் நிக்கிறான்."

மதுரா குசினி வாசலில் நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து போனை எடுத்தாள். ஓம் என்று சொல்லிவிடு பிள்ளை என்றும், சொல்லாதே என்றும் ஒரே நேரத்தில் நினைத்தேன்.

"வணக்கம் அன்ரி, மதுரா கதைக்கிறன். கடிதம் பெரியம்மா எழுதித் தருவா. அதுவரைக்கும் தாளில ஒண்டும் திருத்தாதேங்கோ, திருத்தினா ஈயம் வைச்சுக் கட்டுவினம்."

"ஓம் பிள்ளை, ஓம். மற்ற விஷயம்?"

"அது சரிவராது அன்ரி. ஒழுக்கம் இல்லாத வீட்டுக்கு நான் எப்பிடி வாறது?"

"ஐயோ பிள்ளை, அது பைப் ஒழுக்கெல்லே! உனக்கு விளங்கேல்லையே?"

"எனக்கு விளங்குது அன்ரி. உங்களுக்கு அண்டைக்கு விளங்கேல்லை, அது பரவாயில்லை. உங்கட மகனுக்கு அண்டைக்கே விளங்கினது."

போனை வைத்தாள். மேசையில், இந்த முறை நிமிர்த்தித்தான் வைத்தாள். முற்றத்துக்குப் போய், கிணற்றடிப் பக்கத்துப் பைப்பை முழுதாகத் திறந்து, குனிந்து முகத்தைக் கழுவத் தொடங்கினாள். கழுவினாள், கழுவினாள், நிறுத்தவில்லை. தோள் குலுங்கியது. தண்ணீர் வாளி நிறைந்து வழிந்து, முற்றத்தால் ஓடி, படலைக்குக் கீழால் தெருவுக்கு இறங்கியது. வறட்சிச் சட்டம் முழுவதையும் ஒரே தரத்தில் மீறிக்கொண்டு நின்றாள்.

மீட்டர் உருளும் சத்தம் எனக்குக் கேட்டது. நான் போய்ப் பைப்பைப் பூட்டவில்லை.